இணைத்தும் அறியாத கருவி

நுழையும்முன்

கணினியோடு ஒரு கருவியை இணைத்தால் அது உடனே இயங்கும் என்பது இன்று பெரும்பாலோர் ஐயுறாத ஒன்று. இணைத்த பின்னும் கணினி அதனை அறியாதிருக்கும்போதுதான் 'அறிதல்' என்னும் அச்செயலுக்குள் எத்தனை படிகள் உள்ளன என்பது தெரியவருகிறது. அப்படிகளுள் எது தவறியது என்பதைக் கண்டறியும் முறையையும், அம்முறை முதியவர் ஒருவரின் ஓய்வூதியத்தோடு பிணைந்துகிடக்கும் தன்மையையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

புதுச்சேரியிலிருந்து கடலூர் செல்லும் சாலையில் ஆற்றுப் பாலத்தைக் கடந்ததும் வரும் ஊர் அரியாங்குப்பம். அதன் கிழக்கே வீராம்பட்டினக் கடற்கரை. கடற்காற்றும் கழிமுக ஈரமும் ஆண்டு முழுவதும் இவ்வூரைத் தழுவிக் கிடக்கின்றன. வடகிழக்குப் பருவமழை வலுக்கும் நவம்பர் மாதம், இத்தகைய ஊர்களின் கணினி மையங்களில் முதியோர் வரிசை நீளும் மாதமும் ஆகும். ஓய்வூதியம் பெறுபவர் தாம் உயிரோடு இருப்பதை ஆண்டுக்கு ஒருமுறை மெய்ப்பிக்க வேண்டும். மைய அரசின் ஓய்வூதியர்க்கு நவம்பரே அதற்குரிய மாதம். முன்பு வங்கிக்கு நேரில் சென்று கையொப்பமிட்டனர். 2014 நவம்பர் 10 அன்று 'ஜீவன் பிரமாண்' என்னும் மின்னணு உயிர்வாழ் சான்று தொடங்கப்பட்ட பின்னர், ஆதார் எண்ணோடு விரல்ரேகையைப் பதித்தால் போதும் என்றாயிற்று. அந்த ரேகையைப் படிப்பது தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய ஒரு கருவி. ஒற்றை வடத்தால் அது கணினியோடு இணைக்கப்பட்டிருக்கும்.

அத்தகைய மையம் ஒன்றில் நிகழக்கூடியதை எண்ணிப் பார்க்கலாம். மழையில் நனைந்த குடையை வாயிலில் சாய்த்துவிட்டு முதியவர் ஒருவர் உள்ளே வருகிறார். கண்ணாடிப் பரப்பின்மீது விரலை வைக்கிறார். திரையில் மாற்றம் இல்லை. இன்னொரு விரல், மீண்டும் மாற்றம் இல்லை. "தாத்தா, மெஷின் எடுக்கல. நாளைக்கு வாங்க" என்கிறார் மையத்தில் பணிபுரியும் இளைஞர். "என் ரேகைதான் தேஞ்சுபோச்சா தம்பி?" என்று கேட்டுத் தம் விரல்களையே பார்த்துக்கொண்டு நிற்கிறார் முதியவர்.

'எடுக்கல' என்னும் அந்த ஒற்றைச் சொல்லுக்குள் ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல பழுதுகள் ஒளிந்திருக்கின்றன. கருவிக்கு மின்சாரம் வராமல் இருக்கலாம். மின்சாரம் வந்தும் செய்தி வராமல் இருக்கலாம். செய்தி வந்தும் அதன் பொருள் கணினிக்கு விளங்காமல் இருக்கலாம். அதுவும் விளங்கியபின், ரேகையைக் கேட்டுப் பெறவேண்டிய மென்பொருள் உறங்கிக் கிடக்கலாம். இவை அனைத்தும் சரியாக இருந்து, உண்மையிலேயே ரேகை தேய்ந்திருப்பதும் உண்டு. ஆனால் அது இறுதியில் ஆராயவேண்டியது. முதலிலேயே அதனைச் சொல்லிவிடுவது, கணினியின் பிழையை மனிதரின் உடல்மேல் ஏற்றுவதாகும்.

இணைத்த கணத்தில் நிகழ்வது

இன்று பெரும்பான்மையான கருவிகள் யுஎஸ்பி என்னும் பொது இணைப்பு முறையால் கணினியோடு சேர்கின்றன. இம்முறையின் இரண்டாம் பதிப்பைப் பின்பற்றும் வடத்தினுள் 4 கம்பிகள் இருக்கும். ஒன்று 5 வோல்ட் மின்னழுத்தத்தைக் கொண்டுசெல்வது. ஒன்று நிலம் எனப்படும் மீள்வழி. எஞ்சிய இரண்டும் செய்திக்குரியவை. செருகியை உற்று நோக்கினால் மின்சாரத்திற்குரிய ஓரத் தகடுகள் இரண்டும் நடுவிலுள்ள செய்தித் தகடுகளைவிட நீளமாக இருப்பதைக் காணலாம். செருகும்போது முதலில் மின்சாரமும், அதன்பின் செய்தியும் இணைய வேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு. முழுவதும் நுழையாமல் அரைகுறையாக நிற்கும் செருகியில் கருவியின் விளக்கு எரிவதும், கணினி அதனை அறியாமலிருப்பதும் இதனால்தான். 'விளக்கு எரிகிறது, ஆகவே இணைப்பு சரி' என்று முடிவுகட்டுவது பலர் விழும் குழி.

கருவி பேசத் தொடங்கும் விதம் எளிமையும் நுட்பமும் கலந்தது. கணினியின் பக்கத்தில் செய்திக் கம்பிகள் இரண்டும் 15 கிலோ ஓம் மின்தடைகளால் தாழ்ந்த மின்னழுத்தத்தில் நிறுத்தப்பட்டிருக்கின்றன. கருவியோ அவற்றுள் ஒன்றை 1.5 கிலோ ஓம் மின்தடை வழியே உயர்த்துகிறது. ஒரு கம்பி உயர்ந்ததைக் கண்டு 'யாரோ வந்திருக்கிறார்' என்று கணினி உணர்கிறது. உடனே பேசிவிடுவதில்லை. செருகும் கையின் நடுக்கம் அடங்க, ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கு காத்திருக்கிறது. பின்னர் கருவியைத் தொடக்க நிலைக்குக் கொணர்ந்து, 'நீ யார்?' என்று கேட்கிறது. 18 பைட் அளவுள்ள ஒரு சிறு குறிப்பைக் கருவி விடையாகத் தர வேண்டும். அதில் உருவாக்கிய நிறுவனத்தின் எண் ஒன்றும் கருவியின் வகையெண் ஒன்றும் இருக்கும். 1 முதல் 127 வரையுள்ள எண்களுள் ஒன்றைக் கணினி அதற்கு முகவரியாக வழங்குகிறது. இறுதியாக, அவ்விரு அடையாள எண்களுக்கும் உரிய இயக்கி மென்பொருள் தன்னிடம் உள்ளதா எனத் தேடிப் பொருத்துகிறது. இவ்வளவும் நிகழ்ந்து முடிந்த பின்னரே 'கருவி இணைந்தது' என்னும் சொற்றொடர் உண்மையாகிறது.

தெரிந்து தெளிவோம்

கணினியில் கருவியைச் செருகும் வாயை ஆங்கிலத்தில் குறிக்கும் 'போர்ட்' என்னும் சொல், கப்பல் வந்தடையும் துறையையும் குறிக்கும். தமிழிலும் 'துறை' என்று அதனை வழங்குவோர் உண்டு. அரியாங்குப்பம் ஆற்றங்கரையிலுள்ள அரிக்கமேடு, கிரேக்க மாலுமியின் கையேடான 'பெரிப்ளூஸ்' கூறும் 'பொதுகே' என்னும் துறையாகும் என அறிஞர் பலர் கருதுவர்.

பிணக்குகளின் காலம்

இந்த ஒழுங்கு எளிதில் வந்ததன்று. 1990களின் தொடக்கத்தில் விசைப்பலகைக்கு ஒரு வாய், சுட்டெலிக்கு ஒரு வாய், அச்சுப்பொறிக்கு அகன்ற வேறொரு வாய் என்று கணினியின் பின்புறம் பலவகைத் துளைகளால் நிறைந்திருந்தது. புதிய அட்டை ஒன்றை உள்ளே பொருத்துபவர், கணினியின் கவனத்தை ஈர்க்கும் 16 குறுக்கீட்டு வழிகளுள் எது காலியாக உள்ளது என்று தேடி, அட்டையின்மேல் இருக்கும் நுண்ணிய இணைப்பான்களைக் கையால் மாற்றி அமைக்க வேண்டும். இரு கருவிகள் ஒரே வழியைக் கேட்டால் இரண்டும் முடங்கும். 1995 ஆகஸ்டில் வெளிவந்த விண்டோஸ் 95, 'செருகினால் இயங்கும்' என்ற உறுதிமொழியோடு வந்தது. அது பலமுறை பொய்த்ததால், 'செருகிவிட்டு வேண்டிக்கொள்' என்று அதனை மாற்றிச் சொல்லிப் பயனர்கள் நகைத்தனர்.

இந்நிலையை மாற்றிய குழுவில் முதன்மையாக வைத்து எண்ணப்படுபவர் குசராத்தின் வதோதராவில் பிறந்து, அங்குள்ள மகாராசா சாயாசிராவ் பல்கலைக்கழகத்தில் பயின்ற அஜய் பட். இன்டெல் நிறுவனத்தில் பணியாற்றிய அவர், அச்சுப்பொறி ஒன்றைக் கணினியோடு இணைக்கத் தம் வீட்டார் பட்ட இடர்ப்பாடும் தம்மைத் தூண்டியதாகக் கூறியுள்ளார். 7 நிறுவனங்கள் கூடி உருவாக்கிய யுஎஸ்பி முறையின் முதற்பதிப்பு 1996 சனவரியில் வெளியானது. 2013ஆம் ஆண்டு ஐரோப்பியக் கண்டுபிடிப்பாளர் விருது, ஐரோப்பியர் அல்லாதார் பிரிவில் அஜய் பட்டுக்கு வழங்கப்பெற்றது. செருகியை எப்புறம் திருப்பினாலும் பொருந்துமாறு அமைக்காதது ஏன் என்று இன்றும் பலர் அவரைக் கேட்பதுண்டு. அவ்வாறு அமைத்திருந்தால் கம்பிகளும் சுற்றுகளும் இரட்டித்துச் செலவு கூடியிருக்கும். தொடக்கத்தில் மலிவாக இல்லாவிட்டால் எவரும் ஏற்றிருக்கமாட்டார்கள் என்பது அவர் தரும் விளக்கம். எப்புறமும் பொருந்தும் 'சி' வகைச் செருகி 2014இல்தான் வந்தது.

1998 ஏப்ரல் 20 அன்று சிகாகோ நகரக் கண்காட்சியில் ஒரு நிகழ்வு. வெளிவரவிருந்த விண்டோஸ் 98இன் திறத்தைக் காட்டும்பொருட்டு, பில் கேட்சு மேடையில் நிற்க, அவருடைய உதவியாளர் யுஎஸ்பி வழியாக ஒரு வருடியைக் கணினியோடு இணைத்தார். கருவியைக் கணினி தானே அறிந்துகொள்ளும் என்று அவர் விளக்கிக்கொண்டிருந்தபோதே திரை முழுவதும் நீலமாகிக் கணினி நின்றுபோனது. அரங்கு சிரிப்பால் அதிர்ந்தது. அதனால்தான் இம்மென்பொருளை இன்னும் வெளியிடவில்லை என்னும் பொருள்படக் கேட்சு சமாளித்தார். உலகின் பெரிய மென்பொருள் நிறுவனத்திற்கே மேடையில் நேர்ந்தது, சிற்றூர் மையத்தில் மழைநாளில் நேர்வதில் வியப்பொன்றும் இல்லை. ஆயினும், மேடையில் நின்றவர் சிரித்துக் கடந்துவிட்டார். வரிசையில் நிற்பவருக்கு அது அடுத்த மாதச் செலவு.

அகழ்வாரிடம் கற்கும் முறை

பழுதறியும் முறைக்கு ஓர் எடுத்துக்காட்டு அரியாங்குப்பத்திலேயே உண்டு. அரிக்கமேட்டில் மணிகளும் பானையோடுகளும் கிடைத்தவண்ணம் இருந்ததை முன்னரே பலர் அறிந்திருந்தனர். ஆர்வத்தால் திரட்டியும் வைத்திருந்தனர். எந்த அடுக்கில் எது கிடைத்தது என்ற குறிப்பு இல்லாத அத்திரட்டுகளால் காலத்தைத் துணிய இயலவில்லை. 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தபோது மண்ணை அடுக்கடுக்காக நீக்கி, ஒவ்வோர் அடுக்கின் பொருளையும் தனித்தனியே பதிவுசெய்தார். இத்தாலியில் செய்யப்பட்ட அரெட்டைன் வகைச் செம்பாண்டத்தின் ஓடுகள் அங்கே கிடைத்தன. அப்பாண்டத்தின் காலம் ஐரோப்பிய ஆய்வுகளால் முன்னரே தெரிந்திருந்தது. காலம் தெரிந்த அந்த ஓடுகளைக் கொண்டு, அவற்றோடு கிடந்த காலம் தெரியாத உள்ளூர்ப் பொருள்களின் காலம் கணிக்கப்பட்டது. தென்னிந்தியத் தொல்லியலுக்கு அது ஒரு திருப்புமுனை. பின்னாளில் கசால், விமலா பெக்லி ஆகியோர் நிகழ்த்திய ஆய்வுகள் வீலரின் முடிவுகள் சிலவற்றைத் திருத்தின. அடுக்கு முறையைத் திருத்தவில்லை.

கருவியின் பழுதைத் தேடுபவருக்கும் தேவைப்படுவன இவ்விரண்டே: அடுக்கு மாறாமல் இறங்குதல், தெரிந்ததைக் கொண்டு தெரியாததை அளத்தல். மையத்தில் நன்றாக இயங்கும் ஒரு சுட்டெலி இருக்கும். விரல்ரேகைக் கருவி செருகப்பட்டிருந்த அதே வாயில் சுட்டெலியைச் செருகினால், அவ்வாய் நலமா என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். சுட்டெலி இயங்கினால் வாய்மேல் குற்றமில்லை. பின்னர் ரேகைக் கருவியை மற்றொரு கணினியில் செருகிப் பார்க்கலாம். அங்கு அது உயிர்பெற்றால் கருவிமேலும் வடத்தின்மேலும் குற்றமில்லை; பழுது முதற்கணினியின் மென்பொருளில் இருக்கிறது. ஒரு வேளையில் ஒன்றையே மாற்ற வேண்டும். வடத்தையும் வாயையும் சேர்த்து மாற்றிவிட்டு, மென்பொருளையும் புதிதாக நிறுவி, கணினியையும் மீளத் தொடங்கிக் கருவி இயங்கிவிட்டால் அன்றைய வேலை முடிந்துவிடும். எதனால் சரியாயிற்று என்பது தெரியாததால், மறுநாள் அதே இடர் வரும்போது நான்கையும் மீண்டும் செய்ய நேரும்.

வடம், வாய், உப்பு

முதலடுக்கு, கண்ணால் காணத்தக்கது. மையங்களில் பணியாளர் ஒருபுறமும் வருவோர் மறுபுறமும் அமர்வதால், முதியவரின் விரல் எட்டும் இடத்தில் கருவியை வைக்க நீட்டிப்பு வடம் பயன்படுத்தப்படுகிறது. யுஎஸ்பி இரண்டாம் பதிப்பில் வடத்தின் நீளம் 5 மீட்டரைத் தாண்டலாகாது. மலிவான மெல்லிய வடங்களில் அந்த எல்லைக்குள்ளேயே மின்னழுத்தம் குறைந்து, கருவி விழித்தும் விழிக்காமலும் தத்தளிக்கும். கைப்பேசிக்கு மின்னேற்ற மட்டுமே உருவாக்கப்பட்ட வடங்களில் செய்திக் கம்பிகளே இருப்பதில்லை. தோற்றத்தில் அவை மற்றவற்றைப் போலவே இருக்கும் என்பதால், தனியே கழற்றத்தக்க வடமுடைய கருவிகளில் இதனை மறவாது சோதிக்க வேண்டும்.

அடுத்தது மின்சாரப் பங்கீடு. இரண்டாம் பதிப்பு வாய் ஒன்று 500 மில்லி ஆம்பியர் வரை தரவல்லது. ஒரே வாயைப் பல வாய்களாகப் பிரிக்கும் மலிவான பிரிப்பான்களில் அந்த 500ஐ எல்லாக் கருவிகளும் பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒரு கருவி தன்னை அறிமுகம் செய்துகொண்டு இசைவு பெறும்வரை 100 மில்லி ஆம்பியருக்கு மேல் எடுக்கலாகாது என்பது விதி. இசைவு பெற்றபின் தேவையான அளவு கிடைக்கவில்லையென்றால், அறிமுகமாகிய கருவி சற்று நேரத்தில் மறைந்துபோகும். மேசைக்கணினியின் முன்புற வாய்கள் உள்ளே ஒரு வடத்தின் வழியாகத் தாய்ப்பலகையைச் சேர்கின்றன. பின்புற வாய்களோ தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டவை. ஐயம் எழும்போது பிரிப்பானையும் நீட்டிப்பையும் விலக்கிப் பின்புற வாயில் நேரடியாகச் செருகிப் பார்ப்பது அதனால்தான்.

கடற்கரை ஊர்களில் இவற்றைவிட உன்னிப்பாகப் பார்க்கவேண்டியது உப்பு. செருகியின் தகடுகள் செம்புக் கலவையால் ஆனவை. அவற்றின்மேல் நிக்கலும், அதன்மேல் பொன்னும் பூசப்பட்டிருக்கும். பொற்பூச்சு பெரும்பாலும் ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவான தடிப்புடையது; அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. கடற்காற்று கொண்டுவரும் உப்புத்துகள் அங்கே படிகிறது. வறண்ட நாளில் அதனால் தீங்கில்லை. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைக் கடக்கும்போது உப்பு காற்றிலுள்ள நீரை ஈர்த்துத் தானே கரைகிறது. மழைக்காலத்தில் அடுப்படி உப்புச் சாடி கசிவதும் இதே காரணத்தால்தான். கரைந்த உப்புநீர் நுண்துளை வழியே செம்பைச் சென்றடைந்து அரிக்கிறது. பசுமை படர்ந்த ஒரு படலம் தகட்டின்மேல் தோன்றுகிறது. அப்படலம் மின்சாரத்தைத் தடுக்கும். உயிர்வாழ் சான்று பதியும் மாதமும் ஈரம் மிகும் மாதமும் ஒன்றாக அமைந்துவிட்டது இவ்வூர்களின் நல்லூழ் அன்று.

'கழற்றி மாட்டினால் சரியாகிவிடும்' என்று பழுதுநீக்குவோர் கூறுவதை மூடநம்பிக்கை என ஒதுக்கவேண்டியதில்லை. செருகும்போது தகடுகள் ஒன்றையொன்று உரசுவதால் படலம் சிறிது அகல்கிறது. கூடவே, அறிமுகச் சடங்கும் முதலிலிருந்து நிகழ்கிறது. இரு காரணங்களாலும் அம்முறை பலிப்பதுண்டு. ஆனால் ஒவ்வோர் உரசலிலும் பொற்பூச்சும் தேய்கிறது. பழைய 'ஏ' வகைச் செருகிக்கு 1500 முறை செருகிக் கழற்றும் தாங்குதிறனே குறைந்தபட்சமாக வகுக்கப்பட்டுள்ளது. நாளொன்றுக்கு 20 முறை கழற்றி மாட்டினால் 75 நாளில் அந்த எல்லை வந்துவிடும். ஆகவே, கணினியை அணைத்துவிட்டு, மென்தூரிகையில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் தகடுகளைத் துடைத்து, நன்கு உலரவிட்டுச் செருகுவது நலம். வாயால் ஊதுவது ஈரத்தை மேலும் சேர்க்கும். நினைவக அட்டையின் தகடுகளை அழிப்பானால் தேய்ப்பது கடைகளில் நெடுங்காலப் பழக்கம். படலம் போகிறது என்பது மெய்யே, பொன்னும் உடன் போகிறது.

கணினி சொல்லும் விடைகள்

வன்பொருள் அடுக்கைக் கடந்தபின், கணினியிடமே கேட்டறியலாம். விண்டோஸில் 'டிவைஸ் மேனேஜர்' எனப்படும் சாதன மேலாளர் இதற்கென்றே உள்ளது. கருவியைச் செருகும் கணத்தில் அப்பட்டியலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஒலியும் இல்லை, பட்டியலில் அசைவும் இல்லை என்றால், கம்பி உயர்ந்ததையே கணினி காணவில்லை. பழுது வடத்திலோ வாயிலோ கருவியிலோ உள்ளது. மென்பொருளை எத்தனை முறை மீள நிறுவினாலும் பயன் இராது. ஒலி எழுந்து, 'அறியாத யுஎஸ்பி கருவி' என்று தோன்றி, 43 என்னும் பிழையெண் காட்டப்பட்டால், யாரோ வந்ததைக் கணினி கண்டுவிட்டது; 'நீ யார்?' என்ற கேள்விக்கு ஒழுங்கான விடை வரவில்லை. செய்திக் கம்பியின் தொய்வு, மின்சாரக் குறைவு, கருவியின் உட்பழுது ஆகியவற்றை அப்போது ஆராய வேண்டும். 28 என்னும் பிழையெண்ணோ முற்றிலும் வேறானது. கருவி தன்னை முறையாக அறிமுகம் செய்துவிட்டது, அதன் மொழியை அறிந்த இயக்கிதான் இல்லை என்பது அதன் பொருள். அதே மஞ்சள் முக்கோணக் குறிதான் இரண்டிற்கும் தோன்றும். குறியைப் பார்த்து அஞ்சுவதைவிட எண்ணைப் படிப்பது பயன் தரும்.

இயக்கி தேவைப்படும்போது கருவியின் அடையாள எண்களைச் சாதன மேலாளரிலேயே பார்த்துக் குறித்துக்கொண்டு, அதனை உருவாக்கிய நிறுவனத்தின் தளத்திலிருந்து மட்டுமே இறக்க வேண்டும். எல்லா இயக்கிகளையும் இலவசமாகத் தருவதாக அழைக்கும் தளங்கள் தீநிரலையும் சேர்த்துத் தரக்கூடும். பிறருடைய ஆதார் எண்ணும் விரல்ரேகையும் கடந்துசெல்லும் கணினியில் அத்தகைய இடர் ஏற்கத்தக்கதன்று. லினக்ஸ் இயங்கும் கணினியில் 'எல்எஸ்யுஎஸ்பி' என்னும் கட்டளை அதே அடையாள எண்களை வரிசைப்படுத்திக் காட்டும்.

கணினியை அணைத்து எழுப்புவதிலும் ஒரு நுட்பம் உண்டு. 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல், 'அணை' என்று ஆணையிடும்போது இயங்குதளத்தின் உட்கருவின் நிலை வட்டில் சேமிக்கப்பட்டு, அடுத்த முறை அப்படியே எழுப்பப்படும் வகையில் அமைக்கப்பட்டுள்ளது. குழம்பிய இயக்கி குழப்பத்தோடே விழித்தெழ அது இடமளிக்கிறது. 'மறுதொடக்கம்' என்னும் ஆணையோ அனைத்தையும் முதலிலிருந்து தொடங்கும். அணைத்து எழுப்பியும் தீராத இடர் மறுதொடக்கத்தால் தீர்வது அதனால்தான்.

உறங்கும் இடையாள்

சாதன மேலாளரில் கருவியின் பெயர் குறையின்றித் தோன்றுகிறது. ஆயினும் சான்றுப் பக்கத்தில் 'கருவி காணப்படவில்லை' என்கிறது திரை. ஆதார் தொடர்பான விரல்ரேகைக் கருவிகளுக்கே உரிய அடுக்கு இது. வாங்கிய கருவியை அப்படியே பயன்படுத்த ஆதார் ஆணையம் இசைவதில்லை. கருவி பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். எடுக்கும் ரேகை மறையாக்கம் செய்யப்பட்டே வெளியேற வேண்டும். இல்லையென்றால், ஒருமுறை எடுத்த ரேகையைச் சேமித்துவைத்து, உரியவர் இல்லாதபோதும் எவரும் பயன்படுத்திவிட முடியும். இக்காவலுக்காக 'ஆர்டி சர்வீஸ்' எனப்படும் ஓர் இடையாள் மென்பொருள் கணினியில் ஓயாது இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். அது நிறுத்தப்பட்டிருந்தாலும், ஆண்டுக் கட்டணம் முடிந்து பதிவு காலாவதியாகியிருந்தாலும், பதிவைச் சரிபார்க்க இணையம் இல்லாதிருந்தாலும் கருவி நலமாக இருந்தும் இல்லாததுபோல் ஆகிவிடும்.

இவ்வடுக்கில் எவரும் எளிதில் ஐயுறாத ஒரு காரணம் உண்டு. தாய்ப்பலகையில் சிஆர்2032 என்னும் பொத்தான் வடிவ மின்கலம் ஒன்று இருக்கும். கணினி அணைந்திருக்கும்போதும் கடிகாரத்தை ஓட்டுவது அதுவே. அது தீர்ந்துபோனால், மின்சாரம் தடைபட்டு வந்தபின் கணினி பல ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றுவிடும். தொலைவிலுள்ள வழங்கியின் நம்பகச் சான்று 'இன்னும் தொடங்கவே இல்லாத' நாளுக்குரியதாகத் தோன்றுவதால், பாதுகாப்பான தொடர்பு மறுக்கப்படுகிறது. திரையில் தெரிவதோ கருவி ஆயத்தமாக இல்லை என்னும் செய்தி. சில பத்து ரூபாய் விலையுள்ள ஒரு மின்கலத்தால் கருவியையே மாற்றியோர் உண்டென்றால் நம்பத்தக்கதே. திரையின் மூலையிலுள்ள நாளையும் நேரத்தையும் முதலிலேயே ஒருமுறை பார்ப்பதற்கு எந்தச் செலவும் இல்லை.

விரலுக்கு வரும் முறை

கருவியும் இயக்கியும் இடையாளும் நலமென்று உறுதியான பின்னரே விரலைப் பற்றிப் பேசத் தொடங்கலாம். அதற்கும் எளிய சோதனை உண்டு: பணியாளர் தம் விரலை வைத்துப் பார்த்தால், கருவி அதனைப் படமாகப் பிடிக்கிறதா என்பது தெரிந்துவிடும். பிடித்தால், முதியவரின் ரேகையே இடர். வலை இழுத்தும், ஆலை எந்திரத்தோடு உழைத்தும், சிமென்டு கலந்தும் முதிர்ந்த கைகளில் ரேகை மேடுகள் தாழ்ந்திருக்கும். முதுமையில் தோல் வறண்டு மெலியும். மழையில் நனைந்த விரலோ கண்ணாடியில் நீரைப் பரப்பி ரேகையை மங்கவைக்கும். துணியால் விரலையும் கண்ணாடியையும் துடைத்துவிட்டு, ஆதாரில் 10 விரல்களும் பதிவாகியுள்ளமையால் வேறு விரல்களை ஒவ்வொன்றாக முயலலாம்.

அப்போதும் இயலாதபோது வழி அடைபட்டுவிடவில்லை. கண்ணின் கருவிழிப் படலத்தைக் கொண்டும் ஆதார் உறுதிசெய்யப்படுகிறது. 2021 நவம்பர் முதல் கைப்பேசியின் ஒளிப்படக் கருவியால் முகத்தைக் காட்டி உயிர்வாழ் சான்று பெறும் முறையும் வந்துள்ளது. அதற்கு விரல்ரேகைக் கருவியே வேண்டியதில்லை. இந்திய அஞ்சல் கொடுப்பனவு வங்கியின் வழியாக அஞ்சல்காரர் இல்லத்திற்கே வந்து பதிந்துதரும் சேவை 2020 முதல் நடைமுறையில் உள்ளது. வங்கியில் நேரில் சென்று தாளில் கையொப்பமிடும் பழைய முறையும் ஒழிந்துவிடவில்லை. இவ்வழிகளை எடுத்துச் சொல்லாமல் 'நாளைக்கு வாங்க' என்று அனுப்பும்போது, மறுநாளும் அதே கருவியும் அதே விரலும் அதே மழையுமே முதியவருக்காகக் காத்திருக்கின்றன.

கற்பவை கற்றபின்

உங்கள் பள்ளிக் கணினிக் கூடத்தில் ஆசிரியர் துணையோடு ஒரு சுட்டெலியைச் செருகி, சாதன மேலாளரில் தோன்றும் அதன் அடையாள எண்களைக் குறித்துவருக. அதே சுட்டெலியை வேறொரு வாயில் செருகும்போது எவை மாறுகின்றன, எவை மாறவில்லை என்பதை வகுப்பில் கலந்துரையாடுக.

உங்கள் ஊர்க் கணினி மையத்தில் பணிபுரிபவரைச் சந்தித்து, மழைக்காலத்தில் மிகுதியாகப் பழுதுறும் கருவிகள் எவை, அவற்றை அவர் எவ்வாறு சரிசெய்கிறார் என்பதைக் கேட்டறிந்து, அவர் வழங்கும் தொழிற்சொற்களை அவ்வாறே தொகுத்து எழுதுக.

உயிர்வாழ் சான்று பதிய வந்து திரும்பிச் செல்லும் முதியவருக்கும் மையப் பணியாளருக்கும் இடையே நிகழும் உரையாடலை உங்கள் வட்டார வழக்கில் அமைக்க. 'மெஷின் எடுக்கல' என்னும் தொடர் அதில் இடம்பெறலாகாது.